வெள்ளத்தில் நனைந்த துப்பாக்கியைக் கையில் கிடைப்பதை வைத்தே காப்பாற்றுவது எப்படி: முழு வழிகாட்டி

ஹூஸ்டன் பக்கம் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் புயல் சீசன். தண்ணீர் கேன், பேட்டரி, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் என்று எல்லாரும் வாங்கிக் குவிப்பார்கள். அலமாரியில் இருக்கும் ஷாட்கன்னையோ படுக்கையறைப் பெட்டியில் இருக்கும் பிஸ்டலையோ பற்றி அப்போது யாரும் யோசிப்பதில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்து நின்றபோது சில இடங்களில் 60 அங்குலம் மழை கொட்டியது, தரைத்தளத்தில் இருந்த எதுவும் தப்பவில்லை, அதில் துப்பாக்கிகளும் சேர்த்தி. கடை மூடியிருக்கும், கரண்ட் இருக்காது, கன் ஆயில் புட்டி இருந்த டப்பாவே மிதந்து போயிருக்கும். அப்போது வீட்டிலும் கராஜிலும் காரிலும் மிச்சம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இது. டெக்சாஸ், லூசியானா, ஃபுளோரிடா பக்கம் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். அவசர காலத்தில் உங்கள் எதிரி அழுக்கு இல்லை, தண்ணீரும் உப்பும்தான். இப்போது கடையில் விற்கும் தோட்டாக்கள் சுட்டபின் விடும் கரி, பேரலை, அதாவது குழலை, உடனே அரித்துவிடாது, ஒரு மாதம் அப்படியே கிடந்தாலும் பெரிய மோசம் இல்லை. ஆனால் ஈரமான இரும்பில் சில மணி நேரத்திலேயே துரு பூக்க ஆரம்பித்துவிடும். அதனால் பளபளப்பாகத் துடைக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். தண்ணீரை வெளியே எடு, உப்பைக் கழுவு, காயவை, மெல்லிசாக எண்ணெய் பூசு. அவ்வளவுதான் வேலை, ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

தொடுவதற்கு முன்

தோட்டாவை எடுங்கள். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டியான மேகசினை முதலில் கழற்றுங்கள், அப்புறம் போல்ட்டையோ ஸ்லைடையோ பின்னால் இழுத்துப் பிடித்து தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் கண்ணை மட்டும் நம்பினால் போதாது. மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும், அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. பம்ப் ஷாட்கன்னிலும் லீவர் ரைபிளிலும் பேரலுக்குக் கீழே இருக்கும் குழாய்க்குள் தோட்டா உட்கார்ந்திருக்கும், சேற்றில் ஸ்பிரிங் சிக்கியிருந்தால் அது வெளியே வராமல் உள்ளேயே நிற்கும், காலியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். குழாயின் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் உறுதி.

க்ளாக் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதைப் பிரிக்க டிரிகரை அழுத்தியே ஆக வேண்டும். சுத்தம் செய்யும்போது கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கதைகள் பல இந்த இடத்தில்தான் நடக்கின்றன. மூன்று முறை பாருங்கள், பிறகும் யாரும் இல்லாத, குண்டு போனாலும் நிற்கக்கூடிய பக்கமாகக் காட்டித்தான் அழுத்துங்கள். எடுத்த தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு எதையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. கரண்ட் போன வீட்டில் தின்னரையும் ஸ்பிரிட்டையும் திறந்து வைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை செய்வது நேராகத் தீக்காயத்தில் போய் முடியும். தலையில் மாட்டும் ஹெட்லைட் இல்லையென்றால் பகலில் வராந்தாவில் உட்கார்ந்து செய்யுங்கள், காற்றும் வரும்.

இன்னொன்று, இன்ஷூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால் கழுவுவதற்கு முன்பே சேற்றோடு சேர்த்து சீரியல் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் எடுப்பது

நாலைந்து துப்பாக்கி நனைந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பரப்பாதீர்கள். ஸ்பிரிங் எது எதனுடையது என்று தெரியாமல் போகும், பாதுகாப்புக்கு என்று வைத்திருப்பதும் துண்டு துண்டாகக் கிடக்கும். தேவைப்படக்கூடிய ஒன்றை முதலில் முடியுங்கள். அடுத்து, புளூயிங் என்னும் நீலக் கறுப்புப் பூச்சு போட்ட பழைய இரும்பு, அதுதான் வேகமாகத் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ், பாலிமர் பிரேம் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கும், ஆனால் கடல் தண்ணீர் பட்டிருந்தால் ஸ்டெயின்லெஸும் தப்பாது. இன்றைக்குக் கைவைக்க நேரமே இல்லாத துப்பாக்கிகளை நல்ல தண்ணீரில் அலசி, டபிள்யூடி-40 இருந்தால் சந்து பொந்தெல்லாம் ஒழுகும் அளவு அடித்து ஓரமாக வைத்துவிடுங்கள். 1953-ல் சான் டியேகோவில் ராக்கெட் வேலைக்காகத் தண்ணீரை விரட்டவென்றே செய்த சரக்கு அது. அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்யும். நாள்பட்ட எண்ணெயாக மட்டும் அதை நம்பாதீர்கள், எளிதில் ஆவியாகும் பகுதி போனபின் பாதுகாப்பும் மெலிந்துவிடும், திரும்பத் திரும்ப அடித்தால் பிசுக்காகவும் படியும்.

வீட்டில் என்ன இருக்கிறது

எண்ணெயில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. விதி ஒன்றுதான்: பூமிக்கு அடியில் இருந்து வந்த எண்ணெய் நல்லது, செடியில் இருந்து வந்த எண்ணெய் கடைசிப் பட்சம். தையல் மிஷின் எண்ணெய் சுத்தமான மினரல் ஆயில், கன் ஆயிலுக்குக் கிட்டத்தட்ட சமம். பேபி ஆயிலும் வாசனை சேர்த்த மினரல் ஆயில்தான், துப்பாக்கி கொஞ்ச நாள் குழந்தை மாதிரி மணக்கும், வேறு கெடுதல் இல்லை. காருக்கு ஊற்றும் 5டபிள்யூ-30 என்ஜின் ஆயில் மிக நல்ல லூப்ரிகன்ட். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு டிரான்ஸ்மிஷன் ஆயில் அதைவிட மேல், அதில் அழுக்கைக் கரைத்து வைத்திருக்கும் தன்மையும் உண்டு. ஆனால் காரில் இருந்து வடித்த பழைய கறுப்பு ஆயில் வேண்டாம். அதில் அமிலமும் உலோகத் துகளும் இருக்கும், தோலுக்கும் நல்லதல்ல. வெளிப்பக்கத்துக்கு வாசலின் அருமையான பூச்சு, மெல்லிசாகத் தேய்த்தால் ஈரம் அண்டாது.

இப்போது நம் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி: தேங்காய் எண்ணெய்? நல்லெண்ணெய்? சூரியகாந்தி எண்ணெய் காற்றுபட்டால் மெல்ல மெல்ல இறுகிப் பிசினாகும், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்திருக்கும் அதே பழுப்புப் பசைதான் டிரிகருக்குள்ளும் உட்காரும். நல்லெண்ணெயும் கொஞ்சம் மெதுவாக அதே வழியில்தான் போகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாகப் பிசினாகாது, ஆனால் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். வேறு எதுவுமே இல்லாதபோது துருவைத் தடுக்க இரண்டு மூன்று நாளைக்கு எது வேண்டுமானாலும் பூசலாம், வெறும் இரும்பாக விடுவதைவிட மேல். பூசினால் வெளிப்பரப்பிலும் பேரலுக்குள்ளும் மட்டும் பூசுங்கள், டிரிகர் பக்கம் போகாதீர்கள், நல்ல எண்ணெய் கிடைத்ததும் துடைத்தெடுங்கள்.

கரி கரைக்க: மண்ணெண்ணெய், டீசல், பெயின்ட் தின்னர். அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் மத்தியில் 'எட்ஸ் ரெட்' என்று ஒரு வீட்டுக் கலவை பிரபலம். டிரான்ஸ்மிஷன் ஆயில், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட்ஸ், ஆஸிடோன் நான்கையும் சம பங்கு கலப்பார்கள். நெருக்கடியில் ஆஸிடோனை விட்டுவிடுங்கள், அது தீப்பிடிக்கும், சில பிளாஸ்டிக்கையும் மர வார்னிஷையும் தின்றுவிடும். ஆயிலும் மண்ணெண்ணெயும் பாதிப் பாதி கலந்தாலே நமக்குப் போதும். அதுவும் இல்லையா, சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். கரிமருந்து போடும் பழைய மாதிரித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றும் சோப்புத் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள்.

தொடவே கூடாதவையும் உண்டு. ஜெனரேட்டருக்கு வைத்திருக்கும் பெட்ரோல் முதலில். உறைபனிக் குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவி விடும் சாமான் அது, அதில் கைவிட்டுக் கழுவுவது பைத்தியக்காரத்தனம். பிளீச் அடுத்தது. வெள்ளம் வடிந்த வீட்டில் எல்லாவற்றையும் பிளீச் போட்டுத் துடைத்துக்கொண்டு இருப்போம், அந்தக் கையோடு துப்பாக்கியையும் துடைத்தால் குளோரின் இரும்பை அரித்துக் குழி போட்டுவிடும். வினிகர் துருவை எடுக்கும், கூடவே புளூயிங்கையும் உரித்துவிடும். கை கழுவும் சானிட்டைசர் ஜெல்லில் தண்ணீரும் கிளிசரினும் இருப்பதால் அதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் மட்டும் நல்லது, ஈரத்தை இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும்.

துணிக்கு, பழைய நூறு சதவீதக் காட்டன் டி-ஷர்ட், பனியன். காபி வடிகட்டும் பேப்பர் இன்னும் நல்லது, அதில் பஞ்சு உதிராது. பழைய பல் பிரஷ், காது குடையும் பட்ஸ், கபாப் குத்தும் மூங்கில் குச்சி, பல்குச்சி, இவ்வளவும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். அந்தத் தட்டு திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது, தோட்டாவின் ஈயம் அதில் இருக்கும்.

புல்த்ரூ செய்வது

பேரலுக்குள் துணியை இழுக்க ஒரு கயிறு வேண்டும். ஊரில் என்சிசி-யில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. புல்த்ரூ, சிந்தி என்னும் துண்டுத் துணி, எண்ணெய்ப் புட்டி மூன்றும் அங்கே பாலபாடம், துடைக்க நாலுக்கு ரெண்டு அங்குலத் துணி, எண்ணெய் போட நாலுக்கு ஒன்றரை. லீ-என்ஃபீல்டு ரைபிளின் கட்டைக்குள்ளேயே இதையெல்லாம் வைக்கும் பொந்து இருந்தது. அந்தப் பழைய முறைதான் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. நீளமான கம்பியை விட்டு இடிப்பதைவிடக் கயிறு பேரலுக்கு நல்லது.

கராஜில் புல்வெட்டும் டிரிம்மர் இருக்கிறதா? அதற்குப் போடும் நைலான் கம்பியை ஒரு மீட்டர் வெட்டுங்கள். 2 மில்லிமீட்டர், 2.4 மில்லிமீட்டர் எதுவானாலும் .22 அங்குலப் பேரலில்கூட நுழையும். ஒரு முனையைச் சாய்வாக வெட்டிக் கூராக்குங்கள். இன்னொரு முனையை லைட்டரில் காட்டி உருகியதும் ஒரு தகரத்தில் அழுத்தினால் காளான் மாதிரி தலை வரும். கூர்முனையில் துணித்துண்டைக் குத்தித் தலைவரைக்கும் இழுத்துவிடுங்கள், அப்புறம் சேம்பர் பக்கம் நுழைத்து முனைப்பக்கம் வெளியே எடுத்து ஒரே இழுப்பாக இழுங்கள். ருகர் 10/22 மாதிரி பின்பக்கம் கம்பி விடவே வழியில்லாத ரைபிளில் இது பெரிய உபகாரம், வளைந்து கொடுத்துப் பக்கவாட்டுத் துவாரம் வழியாகவே போய்விடும்.

டிரிம்மர் கம்பி இல்லையென்றால் பாராகார்டு, பூட்ஸ் லேஸ். உள்ளே விடும் முன் காலில் மிதித்துக் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், பேரலுக்குள் அறுந்தால் பெரிய தலைவலி. துணியைச் சின்னதாகவே தொடங்குங்கள், .22-க்கு இரண்டு சென்டிமீட்டர் சதுரம் போதும், தளர்வாக இருந்தால் அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளலாம். சிக்கிக்கொண்டால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வந்த வழியே மரக்குச்சியால் தள்ளுங்கள். சுட்டால் தானே வெளியே போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பேரல் வெடிக்கும். சேறு அடைத்திருந்தாலும் அதே கதிதான்.

துணி உலர்த்தும் இரும்பு ஹேங்கரை நிமிர்த்தி உள்ளே விடுவது அடுத்த பெரிய தவறு. பேரல் முனையில் இருக்கும் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலே குறி கெட்டுவிடும். 12 கேஜ் ஷாட்கன்னுக்கு இந்தக் கவலை குறைவு, உள்ளே குண்டைச் சுழற்றும் மரை கிடையாது, குழல் 18.5 மில்லிமீட்டர் அகலம், ஒல்லியான மரத்தடியில் துணி சுற்றித் தள்ளலாம், டிஷ்யூ பேப்பரை இறுக்கமாகச் சுருட்டியும் தள்ளலாம். முனையில் சோக் டியூப் என்னும் திருகிப் போடும் குட்டிக் குழாய் இருந்தால் அதை மறக்காமல் கழற்றுங்கள், அந்த மரையில் நின்ற தண்ணீர் துருவாகி டியூபை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

பிரித்து, அலசி, காயவைப்பது

எவ்வளவு தூரம் பிரிப்பது? கையேட்டில் உரிமையாளர் பிரிக்கலாம் என்று சொல்லியிருக்கும் அளவுக்கு மட்டும். பேரல், போல்ட், மேகசின், மரக்கட்டை, பம்ப் ஷாட்கன் என்றால் பின்னைத் தள்ளினால் வரும் டிரிகர் தொகுதி. டிரிகர் தொகுதியை முழுசாக எடுத்துக் கழுவலாம், அதற்குள் இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகளை அவிழ்க்கப் போகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேகசின் அடித்தட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் முகத்துக்குப் பாயும், விரலால் அழுத்திப் பிடித்து வேறு பக்கம் பார்த்துக் கழற்றுங்கள்.

அலச நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்க வைத்ததை எடுக்காதீர்கள். வாட்டர் ஹீட்டர் தொட்டியில் 150, 200 லிட்டர் வரைக்கும் நிற்கும், வெள்ளம் அதற்குள் புகவில்லை என்றால் அது போதும். பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் சரி. வெள்ள நீரில் சாக்கடை, வண்டல், கடலோரம் என்றால் உப்பு எல்லாம் இருக்கும், இதில் உப்புதான் விடாப்பிடி. எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். உப்பு இருக்கும்போதே மேலே எண்ணெய் பூசிவிட்டால் அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். நனைந்த துப்பாக்கியை மறுபடியும் தண்ணீரில் கழுவுவதா என்று பலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், சுட்டபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை விட்டுச் செல்லும், அதனால் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பேரலுக்குள் கொதிக்கும் தண்ணீரையே ஊற்றினார்கள். மோசின்-நகாந்து என்ற ரஷ்ய ரைபிளுக்குப் பழைய சோவியத் தோட்டா வாங்கிச் சுடுபவர்கள் இன்றும் அதையேதான் செய்ய வேண்டும். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, இரும்பு சூடேறித் தானே காய்ந்துகொள்ளும்.

மரக்கட்டையைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள். துடைத்து நிழலில் சாய்த்து மெதுவாகக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். இரும்பு, பாலிமர் பாகங்களை வெயிலில் ஒரு டவலில் பரப்பலாம். காருக்கு 12 வோல்ட்டில் ஓடும் டயர் காற்றடிக்கும் மிஷின் இருந்தால் அதுதான் இங்கே நாயகன். தோட்டாவைக் குத்தும் ஃபயரிங் பின் ஓடும் துளை, சுட்ட கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டருக்கு அடி, மேகசின் குழாய், கட்டைக்குள் போகும் திருகுத் துளை, ஸ்கோப் மவுண்ட்டுக்கு அடி, இங்கெல்லாம் தண்ணீர் ஒளிந்திருக்கும், காற்றை அடித்து விரட்டுங்கள். காற்று இல்லையென்றால் ஆல்கஹாலை ஊற்றி ஆட்டுங்கள். ஸ்கோப்பைத் திறக்க முயலாதீர்கள், ரெட் டாட் என்னும் மின்சாரக் குறிகாட்டியில் பேட்டரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

துரு வந்துவிட்டால்

மேலோட்டமான செந்துருவுக்கு மிக நைசான 0000 ஸ்டீல் உல்லும் எண்ணெயும். எண்ணெய் நிறைய, அழுத்தம் குறைவு. அது இல்லையென்றால் அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி எண்ணெயில் நனைத்துத் தேய்க்கலாம். 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் காசு ஒன்று சில்லறை டப்பாவில் கிடந்தால் தேடி எடுங்கள், அவை 95 சதவீதம் செம்பு, பிறகு வந்தவை செம்பு முலாம் பூசிய துத்தநாகம். செம்பு எஃகைவிட மென்மை, அதனால் விளிம்பால் சுரண்டினால் துரு உதிரும், இரும்பில் கோடு விழாது. உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் இரண்டும் வேண்டாம், குறிப்பாகத் தாத்தா காலத்துத் துப்பாக்கியில். அதற்குச் சந்தை மதிப்பு இருந்தால் ஈரத்தை எடுத்து எண்ணெய் போட்டதோடு நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேஸ் அடுப்பு எரிந்தால் இன்னொரு வித்தை இருக்கிறது. கழற்றிய எஃகு பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்தால் சிவப்புத் துரு கறுப்பாக மாறும். அந்தக் கறுப்பு மேற்கொண்டு அரிக்காத வேறொரு இரும்பு ஆக்சைடு, புளூயிங்கின் பழைய முறை ஒன்றே இப்படித்தான். எடுத்து மேலே இருக்கும் பொடியைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடலாம். குழி விழுந்திருந்தால் இது மறைக்காது.

எண்ணெய் எங்கே, எவ்வளவு

எங்கே உரசி உரசிப் பளபளவென்று தேய்ந்திருக்கிறதோ அங்கே ஒரு சொட்டு. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், போல்ட்டின் காதுகள், ஒடித்து லோடு பண்ணும் ஷாட்கன்னில் கீல். மற்ற இரும்புப் பரப்பெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல், விரலால் தொட்டால் வழவழப்பு தெரிய வேண்டும், வழியக் கூடாது. ஃபயரிங் பின் துளைக்குள்ளும் மேகசினுக்குள்ளும் ஊற்றாதீர்கள், தூசியும் கரியும் அதில் சேர்ந்து சேறாகும். தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது, ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் போய் அதைச் சாகடித்துவிடலாம். பேரலுக்குள் போட்ட எண்ணெயைச் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு முறை இழுத்து எடுத்துவிடுங்கள்.

குளிர் காலம் என்றால் கணக்கு வேறு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போய், வீட்டுக்குள்ளேயே குழாய் உறைந்து வெடித்த அந்த வாரத்தில் கிரீஸ் போட்ட போல்ட் எல்லாம் களியில் நகர்வது மாதிரி நகரும். கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் போடுங்கள். குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உடம்பெல்லாம் வியர்க்கும், பையோடு வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்து துடைக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் சாமானுக்கு இவ்வளவு அக்கறையா என்று தோன்றினால் வியட்நாமைப் பாருங்கள். தானே சுத்தமாகிக்கொள்ளும் ரைபிள் என்ற பேச்சோடு எம்16 அங்கே போனது, பல பிரிவுகளுக்குச் சுத்தம் செய்யும் கிட் சரியாகப் போகவில்லை. தோட்டாவின் மருந்தையும் மாற்றியிருந்தார்கள், ஈரமான அந்த நாட்டில் குரோம் பூசாத சேம்பர் அரித்துச் சுட்ட கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதி பிரஷ்ஷும் எண்ணெயும் அனுப்பச் சொன்னார்கள். 1967-ல் ரிச்சர்ட் இக்கார்டு தலைமையில் காங்கிரஸ் துணைக்குழு விசாரித்தது, அப்புறம்தான் குரோம் பூச்சும் படம் போட்ட கையேடும் கிட்டும் ஒழுங்காக வந்தன.

சேர்த்தபின் சோதிப்பது

தோட்டா இல்லாமல். போனின் டார்ச்சை சேம்பர் பக்கம் வைத்து முனை வழியாக வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள், நூலோ துணியோ தங்கியிருக்கக் கூடாது. போல்ட் தடையில்லாமல் போய் வருகிறதா, சேஃப்டி போட்டால் டிரிகர் நிற்கிறதா, எடுத்தால் விழுகிறதா, டிரிகரைப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்துவிட்டு, விரலைத் தளர்த்தினால் மறுபடி கிளிக் என்று பிடிக்கிறதா. ஒன்று தப்பினாலும் அதைப் பூட்டி வையுங்கள், கைவைத்தியம் பார்க்காதீர்கள். முடித்ததும் ஈயம் போகச் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கையைக் கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். குழந்தையை அதற்கப்புறம் தூக்கினால் போதும்.

தோட்டாவைப் பற்றி இரண்டே வரி. மழைச்சாரல் பட்டதைத் துடைத்துக் காயவைத்துத் தனியாக வைக்கலாம். வெள்ளத்தில் மூழ்கியதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் அமைப்புகளின் அறிவுரையும் இதுதான், உள்ளூர்ப் போலீஸைக் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். மருந்து பாதி நனைந்த தோட்டா குண்டைப் பேரலின் நடுவில் நிறுத்திவிடும், அடுத்ததைச் சுட்டால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ஊரில் லைசென்ஸோடு இரட்டைக் குழல் 12 போர் வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும், தையல் மிஷின் எண்ணெய் இல்லாத தெரு அங்கே கிடையாது. துடைப்பது, எண்ணெய் போடுவது உங்கள் வேலை. பழுது பார்ப்பது 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற ஆள் செய்ய வேண்டியது, பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

திரும்ப வைப்பது

நனைந்த நுரைப் பெட்டிக்குள்ளோ தோல் உறைக்குள்ளோ திரும்பப் போட்டால் செய்த வேலை எல்லாம் வீண். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்ச அரிசியைப் போடுவது சும்மா, அதனால் பெரிதாக எதுவும் ஆகாது. கிரிஸ்டல் வகைப் பூனை மணல் கிடைத்தால் அது சிலிக்கா ஜெல்தான், காலுறையில் கட்டி உள்ளே வைக்கலாம். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துப் பார்த்து மறுபடியும் எண்ணெய்த் துணியால் தடவுங்கள், எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் எங்காவது ஒளிந்த ஈரம் மூன்றாம் நாள் துருவாகத் தலை நீட்டும். கடைகள் திறந்ததும் ஒரு முறை துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டிவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற சேஃப், அதாவது துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டி, விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். தீக்குத் தாங்கும் என்று விற்பதெல்லாம் தண்ணீருக்குத் தாங்காது. அந்தச் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் ஜிப்சம் பலகை, ஒரு முறை தண்ணீர் குடித்தால் வாரக்கணக்கில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். கதவைத் திறந்து ஃபேனைக் காட்டி உள் துணியைக் கிழித்துப் பாருங்கள், பலகை பொதபொதவென்று இருந்தால் அந்த சேஃப் முடிந்தது. அதுவரைக்கும் துப்பாக்கிகளை மேல்மாடி அலமாரியில் ஒவ்வொன்றுக்கும் டிரிகர் லாக் போட்டுப் பூட்டி வையுங்கள், வெள்ளம் வடிந்தபின் சுவரை உடைக்கவும் தரையைப் பெயர்க்கவும் வீட்டுக்குள் யார் யாரோ வந்து போவார்கள்.